வரம்போடு அளந்த கதிரை

என் மனைவியின் வலது கால் மடங்காது. எழுபத்தெட்டுச் சூறாவளியில் வீட்டுக் கூரையின் வளைமரம் முறிந்து முழங்காலில் விழுந்தது. இரண்டு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்து உயிரோடு வந்தா, அல்ஹம்துலில்லாஹ். கால் மட்டும் உலக்கை மாதிரி நேராக நின்றுவிட்டது. வீட்டில் அவவுக்கென்று நீட்டுக் கதிரை செய்து போட்டேன். வேன் வாங்கிய அன்றே முன்னிருக்கையைக் கழற்றி ஓரடி பின்னுக்குத் தள்ளிப் பூட்டுவித்தேன். கல்யாண வீடு என்றால் முன்கூட்டியே ஆள் அனுப்பி அவ கால் நீட்ட இடம் பிடித்து வைப்பேன். நான் நினைத்தால் முடியாதது ஒன்றுமில்லை என்று அவவும் நம்பிக்கொண்டிருந்தா, நானும் நம்பிக்கொண்டிருந்தேன். பிளேன் கம்பனிக்காரர்களைச் சந்திக்கும் வரைக்கும்.

நான் மூன்றாம் வகுப்பை முடிக்காதவன். சவளக்கடையில் ஒரு போடியாரின் காணியில் வயற்காரனாகத் தொடங்கினேன். இறக்காமத்துப் பக்கம் பரணில் குந்தியிருந்து யானை விரட்டினேன். முப்பத்தைந்து வயதில் சொந்த உழவு மெஷின். நாற்பத்திரண்டில் கல்முனையில் சொந்த நெல்லு மில். அக்கரைப்பற்றுச் சந்தையில் ஒரு பிடி நெல்லை அள்ளி உள்ளங்கையில் ஊதிப் பார்த்து, அது எந்தப் பக்கத்து நெல், எத்தனை வெயில் கண்டது, மில்லில் போட்டால் எவ்வளவு குருணை விழும் என்று சொல்லிவிடுவேன். பட்டம் படித்தவன் யாராவது சொல்லட்டும் பார்ப்போம். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகவும்தான் சொல்கிறேன். மூட்டை தூக்கிய தோள் இது.

எங்களுக்கு ஒரே மகள். மருமகன் டொக்டர். மேற்படிப்புக்காக லண்டனுக்குப் போனவர் மகளையும் கூப்பிட்டுக்கொண்டார். எண்பதுகளின் நடுவில் ஒரு நாள் மகளின் கடிதம் வந்தது. பிள்ளை உண்டாகியிருக்கிறது, ஆறு மாதம் தாண்டிவிட்டது. பிள்ளைப் பேற்றுக்கு ஊருக்கு வரத்தான் இருந்தாள். இரத்த அழுத்தம் கூடியதால் பிளேனில் ஏறவே வேண்டாம் என்று அங்கே உள்ள டொக்டர் தடுத்துவிட்டாராம். ‘உம்மாவை அனுப்புங்க வாப்பா. இன்னும் பத்துக் கிழமைதான் இரிக்கி. எனக்குப் பயமா இரிக்கி’ என்று எழுதியிருந்தாள்.

எங்கள் பக்கத்தில் மகளுக்குத்தான் வீடு எழுதுவது. முதல் பிள்ளை அந்த வீட்டில்தான் பிறக்கும். உம்மாதான் பக்கத்தில் இருப்பா. நாற்பது நாளும் பத்தியக்கறி ஆக்கி, வெந்நீர் வார்த்து, பிள்ளையை எண்ணெய் தேய்த்து எடுப்பதெல்லாம் உம்மாவின் கைதான். அந்த நேரத்தில் உம்மா பக்கத்தில் இல்லாத பெண்ணை ஊரில் அநாதையைப் பார்ப்பது மாதிரித்தான் பார்ப்பார்கள்.

மனைவி அன்று பகல் சோறு தின்னவில்லை. கடிதத்தை மடித்து மடித்து விரித்துக்கொண்டிருந்தா.

“நான் போகணும்” என்றா.

“எப்பிடிப் புள்ள போற? கால் இரிக்கிற இரிப்புக்கு?”

“காலையும் கொண்டுதான் போகணும். உட்டுட்டா போற?”

பிளேன் எப்படியிருக்கும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். சூறாவளிக்கு முந்தி ஹஜ்ஜுக்குப் போய் வந்தவர்கள் நாங்கள். அந்த இருக்கையில் நல்ல கால் உள்ளவனுக்கே முழங்கால் முன்னால் இருப்பவனின் முதுகில் குத்தும். ஜித்தாவுக்கே அந்தப் பாடு. லண்டனுக்கு அதைப்போல இரண்டு மடங்கு நேரம்.

அப்போதுதான் என் மச்சான் அந்தப் பேரைச் சொன்னான். மச்சான் என்றால் மனைவியின் தம்பி, பள்ளிக்கூடத்து மாஸ்டர். இங்கிலிஸ் பேப்பர் வாசிக்கிறவன். எனக்கு இங்கிலிஸில் கையெழுத்து வைக்க மட்டும்தான் தெரியும், அதுவும் அவன் பழக்கியது.

“மச்சான், பிளேன்ல இப்ப நடுவில ஒரு வகுப்பு வந்திரிக்கி. பிஸ்னஸ் கிளாஸாம். அரசனுக்கும் இல்ல, ஆண்டிக்கும் இல்ல. உங்களப்போல ஆக்களுக்குத்தான்.”

“கால் நீட்டலாமா?”

“நீட்டலாம் எண்டுதான் போட்டிரிக்கி.”

அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து பள்ளி வாசலில் நின்றவர்களிடம் நான் சொல்லிவிட்டேன்: நானும் பெண்சாதியும் லண்டனுக்குப் போகிறோம், பிஸ்னஸ் கிளாஸில். என்னுடைய வாய் அப்படி. எங்கள் சாய்ந்தமருதுவில் சொன்னது மருதமுனைக்கு அஸர் தொழுகைக்கு முந்திப் போய்ச் சேர்ந்துவிட்டது.

மச்சானையும் கூட்டிக்கொண்டு வேனில் கொழும்புக்குப் போனேன். ஒன்பது மணித்தியாலம். வழியில் மூன்று இடத்தில் ஆமிக்காரர்கள் இறக்கிச் சோதித்தார்கள். லண்டனுக்குப் போகும் கம்பனிகளில் மூன்றைப் பார்த்தோம். அவற்றின் பேர்கள் என் வாய்க்குள் நுழையவில்லை. அவர்கள் தந்த தாள்களின் நிறத்தை வைத்துத்தான் நான் அவற்றைப் பச்சை, நீலம், சிவப்பு என்று பேசினேன்.

மூன்று கந்தோரிலும் குளிர் காற்று, இரண்டில் கழுத்துப்பட்டி கட்டிய ஆள், இரண்டிலும் ஒரே பல்லவி. பச்சைக் கம்பனியில், “ஹாஜியார், எங்களிட்ட சாப்பாடு முழுக்க ஹலால். ஆனா வளைகுடாவுல இறங்கி ஆறு மணித்தியாலம் நிண்டு பிளேன் மாறணும்” என்றார்கள். நீலக் கம்பனியில், “நாங்க ஓரிடத்துல இறங்கி ஏறுறதுதான், நீங்க பிளேனுக்குள்ளேயே இருக்கலாம். துணி விரிச்சி, பீங்கான் கோப்பையில தேத்தண்ணி” என்றார்கள். சிவப்புக் கம்பனிக்குக் கிழமைக்கு இரண்டு பிளேன்தான். அங்கே இருந்த பெண்பிள்ளை அதிகம் பேசவில்லை. என்ன வேண்டும் என்று கேட்டா.

நான் எல்லா இடத்திலும் ஒன்றைத்தான் கேட்டேன். “தம்பி, கால் நீட்ட எத்தன அங்குலம்?”

நீலக் கம்பனிக்காரன் தாளை விரித்துக் காட்டினான். அதில் ஒரு வெள்ளைக்காரன் காலை நீட்டிக்கொண்டு சிரித்தான். “பாருங்க, எவ்வளவு வசதி.”

“படத்துல உள்ளவன்ட கால் எனக்கெதுக்கு? அங்குலம் செல்லுங்க.”

“அதிக இடம் சேர்.”

“அதிகம் எண்டா எவ்வளவு?”

“தாராளம் சேர்.”

எனக்குத் தலை கொதித்தது. நெல் வாங்க வருகிறவன் எத்தனை மூட்டை என்று கேட்டால் நான் ‘தாராளம்’ என்றா சொல்வேன்? என்ன பழச்சாறு, என்ன சப்பாத்து உறை, பேப்பர் எத்தனை பாஷையில், எல்லாம் தெரிகிறது. கதிரைக்கு முன்னால் எத்தனை அங்குலம் என்று விற்கிறவனுக்குத் தெரியாது. மூன்று கந்தோரும், கேட்டு எழுதுகிறோம் என்று விலாசம் வாங்கிக்கொண்டார்கள். வெறுங்கையோடு திரும்பினோம். பத்துக் கிழமையில் ஒன்று போய்விட்டது.

பதில் வர மூன்று கிழமை எடுத்தது. தபால் கந்தோருக்கு நான் நடந்த நடையில் ஒரு வயல் வரம்பு கட்டியிருக்கலாம். ட்ரங்க் கோல் எடுக்கப் பதிந்துவிட்டுக் காலையிலிருந்து பகல் லுஹர் தொழுகை வரைக்கும் அங்கே மர வாங்கில் குந்தியிருப்பேன். லைன் கிடைத்தால் அந்தப் பக்கத்தில் கழுத்துப்பட்டிக்காரன் “டெலெக்ஸ் அடிச்சிரிக்கம் சேர்” என்பான். அந்த டெலெக்ஸ் எந்தக் கடலில் விழுந்து கிடந்ததோ. மனைவி ஒவ்வொரு நாளும் வாசலில் நிற்பா. என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் உள்ளே போவா. கேட்டிருந்தால் சத்தம் போட்டாவது ஆறியிருப்பேன்.

கடைசியில் மூன்று பதிலும் ஒரே கிழமையில் வந்தன. மச்சான் வாசித்தான். பச்சை: முப்பத்தாறு அங்குலம். நீலம்: முப்பத்தெட்டு அங்குலம். சிவப்புக் கம்பனியின் பெண்பிள்ளை கொஞ்சம் நீளமாக எழுதியிருந்தா: முதல் வரிசையில் முன்னால் கதிரை இல்லை, சுவர்தான். கதிரை நுனியிலிருந்து அந்தச் சுவர் வரைக்கும் வெறும் இடம் இருபத்தாறு அங்குலம்.

“இருபத்தாறா!” நான் சிரித்தேன். “ஆட்டுக்குட்டி கட்டுறதுக்கா? சிவப்பைத் தூக்கி வீசு.”

மச்சான் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “மச்சான், இந்தப் பெண்பிள்ள எங்க இரிந்து எங்க மட்டும் எண்டு எழுதியிரிக்கி. மத்த ரெண்டும் அத எழுதல்ல. வெறும் அங்குலம் மட்டும்தான் இரிக்கி.”

“எழுதணுமா? கேட்டது கால் நீட்டுற இடத்த. செல்லுறது கால் நீட்டுற இடத்த.”

“இல்ல, கதிரையையும் சேர்த்து அளந்தாங்களோ எண்டு...”

“டேய், நீ வயல் அளந்திரிக்கியா? வரம்பையும் சேர்த்தா அளக்கிற? வரம்பு நடக்கிறதுக்கு. நெல்லு விளையுற இடத்தத்தான் அளக்கிற. உலகத்துல எந்த மடையன் வரம்ப அளந்து இது வயல் எண்டு செல்லுவான்?”

அவன் தாளை மடித்து வைத்துவிட்டான். அவனுடைய சம்பளத்தை நான் அறிவேன், என்னுடைய காணியை அவன் அறிவான். அந்த மரியாதை அது. இப்போது நினைத்தால் என் மேலேயே கோபம் வருகிறது. எங்கள் பக்கத்தில் வயல் வாங்கி விற்கிற எவனும் வரம்பை விட்டுத்தான் அளப்பான். அது எனக்கு மூச்சு விடுகிற மாதிரி. உலகத்தில் வேறு மாதிரி அளக்கிறவனும் இருப்பான் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

நான் காரியத்தை அரைகுறையாகச் செய்கிறவன் இல்லை. மனைவியின் காலை இடுப்பிலிருந்து குதிக்கால் வரைக்கும் கயிறு பிடித்து அளந்தேன். முப்பத்தொன்பது அங்குலம். ஓடாவியைக் கூப்பிட்டு, மில்லில் நெல் காயப்போடும் தளத்தில் மூன்று கதிரையையும் மரத்தில் செய்யச் சொன்னேன். மூன்றும் ஒரே அளவுக் கதிரை, பத்தொன்பது அங்குல ஆழம். பச்சைக்கு முன்னால் முப்பத்தாறு அங்குலம் விட்டு ஒரு பலகை மறைப்பு. நீலத்துக்கு முப்பத்தெட்டு விட்டு ஒன்று. “சிவப்பையும் செய்வம், ராத்தா ஒருக்கா இரிந்து பாக்கட்டும்” என்று மச்சான் கெஞ்சியதால் இருபத்தாறு விட்டு அதையும் நிறுத்தினோம்.

ஊர் திரண்டது. கொழும்பில் இருக்கிற பணக்காரன் எவனாவது பிளேனைத் தன் மில்லுக்கு வரவழைத்திருக்கிறானா? நான் வரவழைத்தேன். ஒரு கிழவர் பச்சைக் கதிரையில் ஏறியிருந்துகொண்டு, “ஹாஜியார், எப்ப கிளம்புது? மக்காவுக்குப் போனா என்னையும் இறக்கி உடுங்க” என்றார். இன்னொருவன், “சிறகு எங்க ஓடாவியார்? சிறகுக்கு மரம் காணாம போச்சா?” என்றான். ஓடாவிக்கு ரோசம். “சிறகு முதலாளிட வாயில இரிக்கி, அது போதும் பறக்க” என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆண்கள் போன பிறகு மனைவியைக் கூட்டி வந்தேன்.

அவ நீலக் கதிரையில் இருந்தா. காலை நீட்டினா. குதிக்காலுக்கும் பலகைக்கும் நடுவில் இன்னும் ஒரு முழம் கிடந்தது. சிரிப்பு வந்துவிட்டது அவவுக்கு. “இதுக்குள்ள பாய் விரிச்சித் தொழலாம் போல இரிக்கே.” அந்தச் சிரிப்பைக் கண்டு எத்தனை நாள்! பிறகு அவவாகவே எழும்பி சிவப்புக்குப் போய் இருந்து பார்த்தா. கால் முட்டவில்லை. ஏழு விரல், எட்டு விரல் இடம் மிஞ்சியது.

“இதுவும் காணும், இவ்வளவு இடம் போதும்” என்றா.

“காணும் எண்டு செல்லுறதுக்கா நான் இவ்வளவு காசு குடுக்கிறன்? கூட உள்ளத எடுப்பம்.”

“கூட உள்ளது எனக்கு எதுக்கு? கால் ஒண்டுதானே நீளம்.”

“நீ பேசாம இரி புள்ள.”

நீலத்துக்கு இரண்டு இருக்கை பிடித்து வைக்கச் சொல்லித் தந்தி அடித்தேன். பிறகு விசா. அந்தத் தாள் இல்லை, இந்தத் தாள் இல்லை என்று மச்சானைக் கொழும்புக்கு ஓட ஓட விரட்டினேன். கடைசியில் பேற்றுக்கு இரண்டு கிழமை இருக்கும்போதுதான் எல்லாம் சரிவந்தது. ஊரில் வீடு வீடாகப் போய், தெரிந்தோ தெரியாமலோ ஏதும் பிழை செய்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று மாப்புக் கேட்டோம். போன வீட்டிலெல்லாம் கதிரையைப் பற்றித்தான் கேட்டார்கள். நான் ஒரு முழம் மிஞ்சியதைச் சொல்லாமல் எந்த வீட்டிலிருந்தும் எழும்பவில்லை.

மனைவியையும் மச்சானையும் கூட்டிக்கொண்டு கொழும்புக்குப் போய் டிக்கட் எடுக்க நீலக் கம்பனிக்குள் நுழைந்தால், வாசலுக்கு நேரே ஒரு சோடிக் கதிரை. புதுசாக வந்தது, ஆட்கள் இருந்து பார்ப்பதற்கு வைத்திருக்கிறார்களாம். பிளேனுக்குள் இருக்கும் அதே கதிரை. நல்ல மெத்தை. மனைவி போய் இருந்தா. நான் ஓடாவியிடம் வாங்கி வந்த அடிக்கோலை எடுத்து, கதிரை நுனியிலிருந்து முப்பத்தெட்டு அங்குலம் அளந்து, “முன் கதிரைட முதுகு இஞ்ச வரும்” என்று நிலத்தில் காட்டினேன்.

கழுத்துப்பட்டிக்காரன் கிட்ட வந்து பார்த்தான். அவன் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நல்லது.

“சேர், முப்பத்தெட்டு அங்கயிரிந்து இல்ல. இந்தக் கதிரையின்ட முதுகுல இரிந்து முன் கதிரையின்ட முதுகு வரைக்கும். கதிரையும் அதுக்குள்ளதான்.”

“என்ன கதைக்கிறீங்க?”

“எல்லாக் கம்பனியும் அப்பிடித்தான் சேர் அளக்கிற.”

“வரம்போடயா?”

அவனுக்கு விளங்கவில்லை. நான் சத்தமாகச் சொன்னேன், கந்தோர் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. “வரம்பையும் சேர்த்து அளந்து வயல் எண்டு வித்துப்போட்டீங்களே!”

மச்சான் அடிக்கோலை என் கையிலிருந்து மெதுவாக வாங்கினான். கதிரையின் முதுகிலிருந்து அளந்து, முப்பத்தெட்டாம் அங்குலத்தில் ஒரு சின்ன மேசையை இழுத்து வைத்தான். மனைவி நன்றாகச் சாயக்கூட இல்லை, குதிக்கால் மேசையில் போய் முட்டியது. முன் கதிரையின் முதுகுத் தடிப்பையும் கழித்தால் இன்னும் மோசம். “கீழால காலைப் போடலாம் சேர்” என்றான் அவன். கீழே குனிந்து பார்த்தேன், கதிரையின் அடியில் இரும்புச் சட்டம். நீலத்தில் முதல் வரிசை எப்போதோ நிரம்பிவிட்டதாம். பச்சைக் கம்பனியும் அதே அளவைதான், அதிலும் இரண்டு அங்குலம் குறைய.

 மனைவி இரண்டு கையையும் ஊன்றி எழும்பினா, சீலையைச் சரிசெய்தா, வெளியே போய் வேனுக்குப் பக்கத்தில் நின்றா. “இதுவும் காணும்” என்று மில் தளத்தில் சொன்ன மனுசி. ‘நான் அப்பவே சென்னன்’ என்று ஒரு சொல்லாவது சொல்லியிருக்கலாம்.

சிவப்புக் கம்பனிக்கு ஓடினோம். அதே பெண்பிள்ளை. மச்சான் நடந்ததைச் சொன்னான். அவ பெரிய புத்தகம் மாதிரி ஒன்றைப் புரட்டினா, போன் எடுத்தா, வைத்தா, திரும்ப எடுத்தா.

“முதல் வரிசையில ஒண்டுதான் இரிக்கி. நாளைக்கு மறுநாள் போற பிளேனில. அந்த வகுப்பில வேற இடமே இல்ல. அடுத்த கிழமையும் நிரம்பிட்டு.”

“ரெண்டு வேணும்.”

“இல்ல ஹாஜியார்.”

“மகளே, காசு எவ்வளவு எண்டாலும் செல்லுங்க. ஆரையாவது எழுப்புங்க. எனக்கு அங்க பிள்ளைப் பேறு இரிக்கி.”

“காசால ஆக்கள எழுப்ப ஏலாதே” என்றா, மரியாதையாகத்தான். “ஆனா பின்னால, சாதாரண வகுப்பில இடம் இரிக்கி.”

 என் மனதில் ஓடியது என்னவென்று மறைக்காமல் எழுதுகிறேன். மகளின் முகம் அல்ல. பள்ளி வாசல். மில் தளம். சிறகு எங்கே என்று கேட்டவன். பிஸ்னஸ் கிளாஸ் என்று வீடு வீடாகச் சொல்லிவிட்டு, பெண்சாதியை முன்னால் ஏற்றிவிட்டு, பின்னால் சாமான் மாதிரி ஏறிப் போன முதலாளி. தனியே அக்கரைப்பற்றுக்குக்கூடப் போகாத மனுசியை, தெரியாத ஆணுக்குப் பக்கத்தில் இருத்திவிட்டு.

“அடுத்த கிழமைக்குப் பிறகு பாப்பம்” என்றேன். “ரெண்டும் சேர்ந்து கிடைக்கட்டும்.”

மனைவி என் பக்கம் திரும்பினா. “ரெண்டு கிழமையில அவள் பெத்துருவாள்.”

“நீ தனிய முன்னால எப்பிடி இரிப்பாய்?”

“ஒரே பிளேன்தானே? நீங்க என்ன, வேற தேசத்துலயா இரிக்கப் போறீங்க?”

“ஊர் என்ன செல்லும் புள்ள?”

“ஊருக்கா கால் நோகுது?”

அந்தப் பெண்பிள்ளை தலையைக் குனிந்து எதையோ எழுதுவது மாதிரி இருந்தா. மச்சான் ஜன்னலைப் பார்த்தான். நான் இடுப்புப் பட்டியிலிருந்து காசை எடுத்தேன். “எழுதுங்க. ஒண்டு முன்னால. ஒண்டு பின்னால.”

பிளேன் காலையில் கிளம்பியது. எனக்குக் கிடைத்தது நடுவில் நாலு இருக்கையில் நடுவிலுள்ளது. இரண்டு பக்கமும் பெரிய உடம்புக்காரர்கள். என் முழங்கால் முன்னால் உள்ளவனின் முதுகில். அடிக்கோல் கையில் இருந்திருந்தால் அதையும் அளந்திருப்பேன். மனைவியின் நோவு மாத்திரை என் சட்டைப் பையில் இருந்தது. கொடுத்துவிட மறந்துபோனேன். எழும்பி முன்னால் நடந்தேன். அங்கே ஒரு திரைச்சீலை. பணிப்பெண் ஒருத்தி சிரித்துக்கொண்டே குறுக்கே நின்றாள். கையால் பின்னுக்குக் காட்டினாள்.

நான் தமிழில் சொன்னேன். அவள் இங்கிலிஸில் சொன்னாள். மாத்திரையைக் காட்டினேன், என் காலைத் தட்டிக் காட்டினேன். அவள் எனக்குத்தான் கால் நோ என்று நினைத்து என் கையைப் பிடித்துக் கொண்டுபோய் என் இருக்கையில் இருத்திவிட்டாள். ஒரு கோப்பைத் தண்ணீரும் தந்தாள். அந்த மாத்திரையைத் தின்ன வேண்டும் என்று சைகை காட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றாள். நாலு மில் தொழிலாளிகளுக்கு நடுவில் நின்று அதட்டினால் எல்லாரையும் அடக்குகிற என் சத்தம் அங்கே எவனுக்கும் கேட்கவில்லை. ஒரு துணிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் என் பெண்சாதி. இந்தத் துணிக்கு அந்தப் பக்கத்தை அங்குலம் அங்குலமாகப் படித்தவன் நான்.

மூன்றாம் முறை போனபோது வேறொரு பெண் நின்றாள். என் கடவுச்சீட்டில் மனைவியின் பெயரைத் தொட்டுக் காட்டினேன். அவள் விளங்கிக்கொண்டு ஒரு நிமிசம் என்று விரலைக் காட்டி உள்ளே விட்டாள்.

மனைவி நித்திரை. முந்தானை தலையில், போர்வை கழுத்து வரைக்கும். வலது கால் நேராக நீண்டு கிடந்தது. குதிக்காலின் கீழே யாரோ ஒரு தலையணை வைத்திருந்தார்கள். சுவருக்கும் காலுக்கும் நடுவில் ஏழெட்டு விரல் இடம். பக்கத்து இருக்கையில் ஆண் இல்லை. வயதான ஒரு வெள்ளைக்காரி கண்ணாடியை மூக்கில் இறக்கி என்னைப் பார்த்து, சத்தம் போடாதே என்று வாயில் விரல் வைத்தா. என் பெண்சாதியை எழுப்பக் கூடாதாம், எனக்கு! மாத்திரையைக் கையிலேயே வைத்துக்கொண்டு திரும்பினேன்.

கொஞ்ச நேரம் போய் அந்தப் பெண் பின்னால் வந்து என் தட்டில் ஒரு துணி முடிச்சை வைத்தாள். அவிழ்த்தால் திராட்சை, ஒரு துண்டுக் கேக், உறையோடு சொக்லேட். மனைவி முன்னால் இருந்து அனுப்பியிருக்கிறா. இரண்டு பக்கத்துப் பெரிய உடம்புக்காரரும் பார்த்தார்கள். கோபத்தில் தின்னாமல் வைத்திருந்தேன். பிறகு தின்றேன். நல்ல திராட்சை.

லண்டனில் இறங்கும்போது என் இடது முழங்கால் பூட்டிக்கொண்டுவிட்டது. அத்தனை மணித்தியாலம் மடக்கிய கால், விரியமாட்டேன் என்றது. எல்லாரும் இறங்கிய பிறகு கதிரை கதிரையாகப் பிடித்துக்கொண்டு நடந்தேன். வாசலில் மனைவியைத் தள்ளுகதிரையில் இருத்தி வைத்திருந்தார்கள். முகம் கழுவி, சீலை மாற்றி, கல்யாண வீட்டுக்குப் போகிறவ மாதிரி இருந்தா.

“கால்?” என்றேன்.

“நோகல்ல.”

வெளியே மகள் நின்றாள். வயிறு முன்னால், முகம் வீங்கி, மருமகனின் தோளைப் பிடித்துக்கொண்டு. உம்மாவைக் கண்டதும் ஓடப் பார்த்தாள். “ஓடாத புள்ள!” என்று இவ கத்தினா. தள்ளுகிறவன் கொண்டுபோய்ச் சேர்க்கும்முன் தானாகவே ஊன்றி எழும்பி, நீட்டுக் காலை இழுத்துக்கொண்டு போய் மகளைப் பிடித்துவிட்டா. மகள் உம்மாவின் தோளில் முகத்தை வைத்து அழுதாள். சின்னப்பிள்ளை மாதிரிச் சத்தம் போட்டு. இவ ஒரு கையால் அவளின் முதுகைத் தடவினா, மற்றக் கையால் அவளின் வீங்கிய கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தா. “உப்புத் தின்னுறியா? ஆர் உனக்கு ஆக்கித் தாற?” என்று அங்கேயே தொடங்கிவிட்டா.

நான் ஒவ்வொரு அடியாக வந்து சேர்ந்தேன். மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள்.

“வாப்பாக்கு என்ன கால்ல?”

“ஒண்டுமில்ல.”

“உம்மா நல்லா நடக்கிறா, நீங்கதானே நொண்டுறீங்க?”

மனைவி திரும்பி என்னை மேலிருந்து கீழாக ஒரு பார்வை பார்த்தா. அத்தனை கிழமையாக அடக்கி வைத்திருந்தது அப்போதுதான் வாயின் ஓரத்தில் வந்தது.

“அந்தக் கதிரைய வாப்பாக்குக் குடுங்க” என்றா தள்ளுகிறவனிடம், தமிழில். அந்த மனுசனுக்கு எப்படி விளங்கியதோ, கதிரையைத் திருப்பி என் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினான்.

“நான் இரிக்கமாட்டன்” என்றேன்.

“இரிங்க வாப்பா. கார் நிக்கிற இடம் தூரம்” என்றார் மருமகன்.

“மாட்டன்.”

உம்மாவும் மகளும் கையைக் கோத்துக்கொண்டு முன்னால் நடந்தார்கள், உப்பு, கீரை, மீன் என்று பேசிக்கொண்டு. ஒருத்தியின் கால் நீட்டு, மற்றவளுக்கு வயிற்றுப் பாரம். இரண்டு பேரும் அவ்வளவு மெதுவாகத்தான் போனார்கள். எனக்கு அவர்களை எட்டிப் பிடிக்க முடியவில்லை. பத்தடி போனேன். பிறகு தள்ளுகதிரையில் இருந்தேன். மருமகன் தள்ளினார்.